கணக்கு எடுத்த தாவரவியல் டீச்சர்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாளே ஸ்வீட்லின் டீச்சர் வீடு வீடாகக் கிளம்பிவிடுவாள். திருத்தணியிலிருந்து ஆர்.கே.பேட்டை பஸ் ஏறி, நடுவழியில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து உள்ளே போக வேண்டிய ஒரு தறிக்காரர் ஊரில் இருந்தது அவள் வேலை பார்த்த அரசு மேல்நிலைப்பள்ளி. அந்த ஊர் ஆண்பிள்ளைகள் பத்து முடித்ததும் திருத்தணிக்கோ அரக்கோணத்துக்கோ போய்விடுவார்கள். பெண்பிள்ளைகளை அவ்வளவு தூரம் அனுப்ப வீட்டில் மனசு வராது. எவ்வளவு நன்றாகப் படிக்கிற பெண்ணாக இருந்தாலும் உள்ளூர்ப் பள்ளியில் எது இருக்கிறதோ அதுதான். அதனால் அந்தப் பள்ளியில் கணக்கும் அறிவியலும் சேர்ந்த முதல் குரூப் இருந்தே ஆக வேண்டும் என்பது ஸ்வீட்லினின் பிடிவாதம். பிள்ளைகள் சேராவிட்டால் குரூப்பை எடுத்துவிடுவார்கள் என்று பயந்து, கொளுத்தும் வெயிலில் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்குவாள்.

அந்த வருஷம் ஒன்பது பெண்கள் சேர்ந்தார்கள். அதில் துர்காவைச் சேர்க்கத்தான் அதிகம் பேச வேண்டியிருந்தது. அவள் அப்பா துளசிங்கம் கூலிக்குத் தறி ஓட்டுகிறவர். பெண் பத்தாவது கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கியிருந்தும் அவருக்குத் தயக்கம்.

"கஷ்டமான குரூப்புன்றாங்களே டீச்சர். பாதியில உக்காந்துடுச்சுன்னா?"

"உங்க பொண்ணு உக்கார மாட்டா. கணக்கு வாத்தியார் தங்கமான மனுசன். நான் பொறுப்பு."

பள்ளி திறந்தபோது அந்தத் தங்கமான மனுசன் இல்லை. கலந்தாய்வில் சொந்த ஊர்ப் பக்கம் இடம் கிடைத்துப் போய்விட்டார். குற்றம் சொல்ல முடியாது, எட்டு வருஷம் குடும்பத்தைப் பிரிந்து இருந்தவர். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. தலைமையாசிரியர் டேவிட்சன் தற்காலிகமாக ஒரு ஆளாவது கிடைக்குமா என்று தெரிந்தவர்களையெல்லாம் கேட்டார். கணக்கு படித்தவர்கள் காலை ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போனார்களே தவிர, இந்தப் பக்கம் பஸ் ஏற ஒருவரும் தயாராக இல்லை.

"ஒன்பது பேரையும் காமர்ஸுக்கு மாத்திடலாம்மா," என்றார் அவர். "இட்டுகினு வந்தது நீங்க. நீங்களே சொல்லிடுங்க."

ஸ்வீட்லின் வகுப்புக்குள் போனாள். புதுப் புத்தகங்களுக்கு அட்டை போட்டு, பெயர் எழுதி வைத்திருந்தார்கள். சொல்ல வாய் வரவில்லை. திரும்பி வந்து, "வாத்தியார் வர்ற வரைக்கும் நானே எடுக்கறேன் சார்," என்றாள்.

டேவிட்சன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க பாட்டனிம்மா."

"தெரியும் சார்."

அவருக்குத் தெரியாத ஒன்றும் இருந்தது. ஸ்வீட்லின் பிளஸ் டூவில்கூடக் கணக்கு படித்ததில்லை. தாவரவியல், விலங்கியல் என்று இருந்த குரூப்பில் படித்துவிட்டு அப்படியே கல்லூரிக்குப் போனவள். பத்தாம் வகுப்போடு கணக்கை விட்டு இருபத்தைந்து வருஷம் ஆகியிருந்தது. இரண்டு மூன்று வாரத்தில் யாராவது வந்துவிடுவார்கள் என்று நம்பினாள்.

முதல் வாரத்திலேயே விழி பிதுங்கியது. முதல் பாடமான கணங்கள் எப்படியோ ஓடியது. சார்புகள் என்ற பாடம் வந்ததும் புத்தகம் வேறு பாஷையில் பேச ஆரம்பித்தது. போனில் வீடியோ போட்டுப் பார்த்தாள். சொல்கிறவர் தடதடவென்று போட்டுக்கொண்டே போனார். நிறுத்திச் சந்தேகம் கேட்க வழியில்லை. கடைசியில் திருத்தணி ஸ்டேஷன் ரோட்டில் விஜயன் என்பவர் நடத்திய டியூஷனுக்குப் போய், "பிளஸ் ஒன் கணக்குக்குச் சேரணும்," என்றாள்.

"பொண்ணா, பையனா மேடம்?"

"நான்தான் சார்."

காலை ஆறு மணி வகுப்பில் கடைசி பெஞ்சில் இடம் கொடுத்தார். முன்னால் முப்பது பிள்ளைகள், எல்லாரும் பெரிய தனியார் பள்ளிகளில் படிப்பவர்கள். பக்கத்தில் உட்கார்ந்த பையன் அவள் திணறுவதைப் பார்த்துவிட்டு, "எங்களுக்கு இது ரெண்டாவது ரவுண்டு ஆன்ட்டி. பத்தாவது லீவுலயே ஒரு தடவ முடிச்சுட்டாங்க. அதான் சார் ஃபாஸ்டா போறார்," என்றான். ஆறுதலாகத்தான் சொன்னான். அவள் முன் பெஞ்சுகளைப் பார்த்தாள். இவர்கள் இரண்டாவது சுற்று ஓடுகிறார்கள். அவளுடைய ஒன்பது பேர் இன்னும் கோட்டுக்கே வந்து நிற்கவில்லை. நாளைக்கு ஒரே கல்லூரி வாசலில் எல்லாரும் நிற்க வேண்டும்.

அங்கே பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. டொமைன், ரேஞ்ச் என்று எழுதிக்கொண்டு வந்து, பஸ்ஸில் நின்றபடியே தமிழ்ப் புத்தகத்தில் சார்பகம், வீச்சகம் என்று தேடிப் பிடிப்பாள். காலையில் கேட்டதை மத்தியானம் கரும்பலகையில் போடுவாள். யாராவது புதிதாகக் கேட்டுவிட்டால், "நல்ல கேள்வி, நாளைக்குப் பாப்போம்," என்பாள்.

கணவன் நேசகுமார் அரக்கோணத்தில் ரயில்வே வேலையில் இருந்தான். காலை வண்டிக்குக் கிளம்பும் முன் இட்லியை அவனே வேகவைத்து வைத்துவிட்டுப் போவான். ஒருநாள் பொறுக்காமல், "இன்னாத்துக்குடி இதைத் தலையில தூக்கிப் போட்டுகினே? முடியலன்னு சொல்லேன்," என்றான்.

"அந்தப் பசங்க மூஞ்சியப் பாத்து யார் சொல்றது? நீங்க வந்து சொல்றீங்களா?"

அவன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டான்.

ஆடிக் கிருத்திகை வந்தது. திருத்தணி முழுக்கக் காவடி. ஸ்டேஷன் ரோட்டை அடைத்து, வண்டிகளைத் திருப்பிவிட்டிருந்தார்கள். கூட்டத்தில் புகுந்து போகப் பார்த்து முடியாமல் ஸ்வீட்லின் வீடு திரும்பினாள். வந்து சேர்ந்த பிள்ளைகளுக்கு விஜயன் வகுப்பை நடத்திவிட்டார். அன்று அவர் எடுத்தது அசமன்பாடுகள். ஒரு பக்கம் பெரிது, மறுபக்கம் சிறிது என்று குறி போட்டுச் செய்யும் கணக்குகள்.

பார்த்தால் சுலபமாகத்தான் இருந்தது. சமக் குறிக்குப் பதில் வேறு குறி, அவ்வளவுதானே என்று நினைத்துவிட்டாள். மைனஸ் எண்ணால் வகுத்தால் குறி திரும்பிக்கொள்ளும் என்பது புத்தகத்தில் ஒரு வரியாக இருந்தது. அவள் கண்ணில் படவில்லை. அந்த வாரம் முழுக்க அப்படியே எடுத்தாள், வார இறுதியில் ஒரு பரீட்சையும் வைத்தாள்.

துர்காவின் விடைத்தாளில் ஐந்து கணக்குகளில் குறி மாறியிருந்தது. என்ன ஆயிற்று இந்தப் பெண்ணுக்கு என்று நினைத்துக்கொண்டே ஐந்துக்கும் சிவப்பில் கோடு போட்டாள். மற்ற எட்டுப் பேரும் அவள் சொல்லிக் கொடுத்தபடியே போட்டிருந்தார்கள். அபி என்ற பெண், கணக்கென்றாலே நடுங்குகிறவள், முழு மார்க் வாங்கினாள். வகுப்பே கைதட்டியது.

துர்கா எழுந்தாள். "டீச்சர், மைனஸ் ரெண்டு எக்ஸ் ஆறை விடச் சின்னது. இதுல எக்ஸுக்கு சைபர் போட்டா சரியா வருது. ஆனா நம்ம விடையில எக்ஸ் மைனஸ் மூணுக்குக் கீழ இருக்கணும்னு கீது. அப்ப சைபர் வராதே?"

ஸ்வீட்லின் கரும்பலகையைப் பார்த்தாள். ஒன்றும் புரியவில்லை. மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. "சொல்லிக் குடுத்த மாதிரி போட்டுப் பழகு துர்கா. ரொம்ப யோசிச்சா குழப்பம்தான் வரும்," என்றாள்.

துர்கா உட்கார்ந்தாள். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

மூன்றாம் நாள் டியூஷனில் ஒரு பையன் குறியைத் திருப்ப மறந்துவிட்டான். விஜயன் சாக்பீஸை மேசையில் போட்டார். "மைனஸால வகுத்தா குறி திரும்பும்னு எத்தன தடவடா சொல்றது?"

ஸ்வீட்லின் நோட்டில் புதுப் பக்கம் திருப்பினாள். துர்கா கேட்ட கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தாள். துர்கா எழுதியிருந்த விடைதான் வந்தது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து வெளியே வந்து, மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். வகுப்பு முடிந்து பிள்ளைகள் அவளைச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

விஜயன் வந்ததும் கெஞ்சாத குறையாகக் கேட்டாள். "சனிக்கிழமை மட்டும் எங்க ஸ்கூலுக்கு வர முடியுமா சார்?"

அவர் முகத்தில் கேலி இல்லை. "சனி ஞாயிறுலதான் எனக்கு அஞ்சு பேட்ச் ஓடுது மேடம். வந்தாலும் வாரத்துக்கு ஒரு நாள் பத்தாது. பிளஸ் ஒன் கணக்கு தெனம் எடுத்தாவே முடியாத பாடம். உண்மையச் சொல்றேன், தப்பா நெனக்காதீங்க."

அன்று சாயங்காலம் ஸ்வீட்லின் துர்காவின் வீட்டுக்குப் போனாள். தெரு நெடுக விசைத்தறிச் சத்தம். பக்கத்தில் நின்று பேசினாலும் கத்தித்தான் பேச வேண்டும். துர்கா ராட்டை மெஷின் முன்னால் உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்து எழுந்தாள், ஆனால் மெஷினை நிறுத்தவில்லை.

"நீ போட்டதுதான் சரி துர்கா. நான்தான் தப்பா எடுத்தேன். தப்பா திருத்திட்டேன்."

சத்தத்தில் துர்காவுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. மறுபடி சொன்னாள். இந்த முறை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. உள்ளேயிருந்து துர்காவின் அம்மா வசந்தி வந்துவிட்டாள்.

"இன்னா டீச்சர் இது? ரெண்டு நாளா சோறு துன்னல இது. எனக்குக் கணக்கு வராதும்மா, நான் மக்குமான்னு அழுதுகினே கீது."

துர்கா மெஷினை நிறுத்தினாள். "நான் பத்து தடவ போட்டுப் பாத்தேன் டீச்சர். எனக்கு சரின்னுதான் வந்துச்சு. ஆனா எல்லாருக்கும் ரைட்டு, எனக்கு மட்டும் தப்பு. சரி, எனக்குத்தான் மூளை வேலை செய்யலன்னு நெனச்சுகினேன்." டீச்சரை நிமிர்ந்து பார்த்தாள். "இனிமே நீங்க ரைட்டு போட்டாலும் அது ரைட்டான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

துளசிங்கம் தறியை விட்டு எழுந்து வந்தார். ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அந்த ஸ்டூலில் அவளால் உட்கார முடியவில்லை.

மறுநாள் டேவிட்சன் கூப்பிட்டார். பொதுத்தேர்வுக்குப் பெயர்களை ஏற்றும் நேரம் வந்துவிட்டது. பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு இருந்த வருஷம் அது. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு குரூப் மாற்ற முடியாது. ஸ்வீட்லின் நேராக வகுப்புக்குப் போனாள். பலகையில் அந்த வாரக் கணக்குகளையெல்லாம் திருத்திப் போட்டாள். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி நின்றாள்.

"எனக்குக் கணக்கு தெரியாது. காலையில டியூஷன்ல கத்துகினு வந்து மத்தியானம் உங்களுக்கு எடுக்கறேன். வாத்தியார் எப்ப வருவார்னு தெரியல. காமர்ஸுக்குப் போனா நல்ல டீச்சர் இருக்காங்க, பாஸ் ஆயிடுவீங்க. ஆனா இன்ஜினியரிங் போக முடியாது. இங்கேயே இருந்தா போகலாம், ஃபெயிலும் ஆகலாம். வீட்ல கேட்டுகினு வாங்க."

அபி தன் முழு மார்க் விடைத்தாளைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப இது?" என்றாள். அதுவும் தப்புதான் என்று ஸ்வீட்லின் தலையை ஆட்டினாள்.

வெள்ளிக்கிழமை ஐந்து பேர் காமர்ஸுக்கு எழுதிக் கொடுத்தார்கள். துர்கா அப்பாவோடு வந்து கையெழுத்துப் போட்டாள். கணக்குப் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு, "உங்க மேல கோவம் இல்ல டீச்சர். பயமா கீது," என்றாள். அபியையும் தபிதாள் என்ற பெண்ணையும் சேர்த்து, இருந்த நான்கு பேரில் கணக்கு நன்றாக வரும் பெண் ஒருத்திகூட இல்லை. வீட்டில் யோசனை சொல்ல ஆள் இல்லாதவர்களும், மாறினால் டீச்சர் வருத்தப்படுவாளோ என்று யோசித்தவர்களும்தான் மிஞ்சினார்கள். அதைப் புரிந்துகொண்டபோது ஸ்வீட்லின் தாவரவியல் லேபுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். இவர்களையும் போகச் சொல்லியிருக்க வேண்டுமோ? யாரிடம் கேட்பது? ஜெபத்தில் உட்கார்ந்தாலும் கண்ணுக்குள் கணக்குதான் ஓடியது.

டியூஷனை விடவில்லை. இப்போது கையைத் தூக்கிக் கேட்டாள். பிள்ளைகள் சிரித்தாலும் புரியும்வரை கேட்டாள். பள்ளியில் தெரியாததைத் தெரியாது என்றே சொன்னாள். நான்கு பேரோடு ஐந்தாவது ஆளாக பெஞ்சில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தாள். பாடம் நத்தை மாதிரி நகர்ந்தது. அரையாண்டில் நான்கு பேரும் ஃபெயில்.

பொங்கல் கழித்து ஒரு கணக்கு வாத்தியார் மாறுதலில் வந்து சேர்ந்தார். நோட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பாதிப் புத்தகம்கூட முடியலையே டீச்சர்," என்றார். மீதியை அவர் மூச்சு விடாமல் ஓட்டினார்.

தேர்வு முடிவில் இருவர் தேறினார்கள். அபியும் தபிதாளும் கணக்கில் போய்விட்டார்கள். மறுதேர்வுக்காக இருவரையும் ஸ்வீட்லின் தாவரவியல் லேபில் உட்காரவைத்து, கோடை விடுமுறை முழுக்க முதல் பாடத்திலிருந்து மறுபடி போட்டாள். இப்போது அவளுக்குப் பாடம் ஓரளவு பிடிபட்டிருந்தது. ஒரு வருஷம் தாமதமாக. அபி தேறிவிட்டாள். தபிதாள் நான்கு மார்க்கில் போனாள்.

பிளஸ் டூ படித்துக்கொண்டே மறுபடி எழுதலாம் என்று எவ்வளவோ சொல்லியும் தபிதாள் பள்ளிக்கு வரவில்லை. அவள் அம்மா வயல் கூலிக்குப் போகிறவள், "போதும்ங்க டீச்சர், அதும் மூஞ்சியப் பாக்க முடியல," என்று கும்பிட்டுவிட்டாள். துர்கா காமர்ஸில் முதலாவதாக வந்திருந்தாள். வராந்தாவில் எதிரே வந்தால் வணக்கம் சொல்வாள், நின்று பேச மாட்டாள்.

ஆகஸ்டில் ஒரு காலை ஸ்வீட்லின் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கியபோது, எதிர்ப்பக்கம் கம்பெனி பஸ்ஸுக்காகப் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டையோடு தபிதாளும் நின்றாள். ஸ்வீட்லின் ரோட்டைக் கடந்து அவளிடம் போனாள்.

"சாப்டியா?"

"ஆங் டீச்சர். கம்பெனிலயே போடறாங்க."

"மார்ச்சுல எழுதலாம் தபிதா. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு வா. நான் இருக்கேன்."

தபிதாள் கழுத்து அட்டையை நேராக்கிக்கொண்டாள். பஸ் வந்தது. பெண்கள் முண்டியடித்து ஏறினார்கள். ஜன்னல் பக்கம் இடம் பிடித்து உட்கார்ந்தவள், டீச்சர் இன்னும் நிற்பதைப் பார்த்து, போங்க, மணி ஆயிடும் என்று கையால் காட்டினாள்.