பிளக்காத முட்டைகள்

பவள ஆய்வுக்கூடத்தில் தொட்டி கழுவும் அவளை எல்லாரும் தொட்டியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பஸ் ஓட்டும் வீட்டுக்காரர்கூடக் கேலியாக அப்படித்தான். பன்னிரண்டு வருடமாக உப்புத் தண்ணீரில் கை ஊறி மெத்துப் போனதே தவிர வாய் மெத்துப் போகவில்லை. யார் தப்புச் செய்தாலும் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவாள்.

அன்று காலை அந்த வாயும் அடைத்துப் போயிருந்தது. கல்லாக இறுகாமல் தண்ணீரில் துணிபோல் ஆடுகிற மென்பவளத்தில் கூடத்தில் மிஞ்சியிருந்த ஒரே பெண், விடியும் வேளையில் முட்டை விட்டிருந்தது. வருடத்துக்கு ஒரே தடவைதான் விடும்; போன வருடம் விட்டதில் ஒன்றும் மிஞ்சவில்லை. தாயோ அடியிலிருந்து அழுகத் தொடங்கிவிட்டது. இந்த முட்டைகள் பிழைக்காவிட்டால் அந்த இனமே இனிக் கூடத்தில் கிடையாது.

முட்டைகள் மூன்று கிண்ணங்களில் இருந்தன. ஆய்வாளர் விந்து கலந்து நான்கு மணி நேரம் ஆகியும் ஒன்றுகூட இரண்டாகப் பிளக்கவில்லை. அங்கே இத்தனை வருடமும் முட்டையிலிருந்து வளர்த்துப் பழகியது கல்பவளம்தான். அது இரண்டு மணி நேரத்தில் இரண்டாகும், பிறகு நான்காகும். மூன்று மணி நேரத்தில் பிளக்காததைக் கொட்டிவிட வேண்டும், செத்த முட்டை தண்ணீரைக் கெடுக்கும் என்பது கூடத்துச் சட்டம்.

"இதுக்கு மேல பாத்துப் பிரயோஜனம் இல்ல. கொட்டிடுங்கக்கா," என்றார் ஆய்வாளர்.

ஒரு கிண்ணத்தைக் கொட்டினாள். இன்னொன்றையும் கொட்டினாள். மூன்றாவதைத் தூக்கியவள் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள்.

"சார், செத்திருந்தா இந்நேரம் நாறியிருக்கணும். இது நாறவே இல்லியே. ஒரு மணி நேரம் பொறுங்க."

"அழுகல் மத்த தொட்டிக்கும் பரவிட்டா?"

"பழிய என் தலையில போடுங்க. கிண்ணத்தத் தனியா வெச்சுக்கறேன்."

ஆய்வாளர் வேண்டாவெறுப்பாகத் தலையசைத்துவிட்டுப் பக்கத்து அறைக்குப் போனார். அவள் கிண்ணத்தைத் தனி மேசையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தாள். வீட்டுக்காரர் இரண்டு தடவை போன் செய்தும் எடுக்கவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். முட்டைகள் வழவழவென்று அப்படியே கிடந்தன. சொன்ன ஒரு மணி நேரம் முடிய ஐந்து நிமிடம் இருந்தபோது மறுபடி குனிந்தாள். ஒரு முட்டையின் மேலெல்லாம் மேடு தட்டியிருந்தது. இரண்டும் இல்லை, நான்கும் இல்லை. எண்ணினாள். பதினாறு!

"சார், ஓடி வாங்க!"

ஆய்வாளர் பார்த்தார். நம்பாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"வெளிய ஒண்ணுமே காட்டாம உள்ளுக்குள்ள உட்கரு மட்டும் ரெண்டு, நாலுன்னு பிரிஞ்சுக்கிட்டு இருந்திருக்குக்கா! இப்ப முட்டையும் ஒரேயடியாப் பதினாறாப் பிளந்திருக்கு!"

இருவரும் சின்னப் பிள்ளைகளாகச் சிரித்தார்கள். அவள்தான் முதலில் நிறுத்தினாள்.

"அப்போ கொட்டின ரெண்டு கிண்ணம்?"

"அதுவும் உசுரோடதான் இருந்திருக்கும்."

"போன வருசம் இது விட்ட முட்டைய மூணு கிண்ணத்தையுமே கொட்டினேனே, சார்?"

அவர் நுண்ணோக்கியை விட்டு எழுந்தார். சுவரில் ஒட்டியிருந்த சட்டத் தாளைக் கிழித்தெடுத்தார். அதை எழுதியவரே அவர்தான். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே கிண்ணத்துக்குப் புதுத் தண்ணீர் மாற்றினாள்.