கைப்பிடிக்கு அடியில்

தேயிலைத் தோட்டத்துத் துரை ஊரைவிட்டுப் போகும்போது அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போன கதிரை அது. தேக்கு மரம், தாழ்ந்து சாய்ந்த இருக்கை, துடுப்பு மாதிரி அகன்ற கைப்பிடிகள். ஹுன்னஸ்கிரியவிலிருந்து நாங்கள் கண்டிக்குக் குடிவந்தபோது லொறியில் முதலில் ஏறியதே அதுதான். சாகும்வரை அப்பா அதில் சாய்ந்துதான் வெற்றிலை போட்டார். விரலில் மிஞ்சும் சுண்ணாம்பை வலது கைப்பிடிக்கு அடியில் தடவுவார். அம்மா திட்டித் திட்டி ஓய்ந்துபோனாள்.

அப்பா போன பிறகு அம்மாவுக்குப் பார்வையும் போய்விட்டது. சாயங்காலமானால் கதிரையருகே பலகையைப் போட்டு உட்கார்ந்து, அந்தக் கைப்பிடிக்கு அடியில் இறுகிக் கிடக்கும் சுண்ணாம்பின் மேல் விரலை வைத்துக்கொள்வாள். அப்பாவிடம் பேசுவதற்கு அவளுக்கு மிஞ்சியிருந்த இடம் அது. நான் பார்த்ததாகக் காட்டிக்கொண்டதில்லை.

கொழும்பிலிருக்கும் அண்ணனுக்கு இது தெரியாது. கதிரையைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் போனில் படித்ததுதான். போன நூற்றாண்டின் நடுவில் டென்மார்க் பக்கம் பிறந்த வடிவமாம். செதுக்கு வேலையையெல்லாம் உதறிவிட்டு, சாய்கிற முதுகுக்காகவே மரத்தை வளைத்தார்களாம்.

"நம்ம வீட்ல இருக்கிறது சாமான் இல்லம்மா, சரித்திரம்" என்றார். அம்மா சிரித்தாள்.

நல்லது செய்யவேண்டும் என்று தோன்றிவிட்டால் அண்ணன் யாரையும் கேட்கமாட்டார். நான் வேலைக்குப் போயிருந்த நாளில் வேன் பிடித்து, கம்பளையில் ஒரு பட்டறைக்குக் கதிரையைக் கொண்டுபோய்விட்டார். நான் வீடு திரும்பி, விஷயம் தெரிந்து போன் பண்ணுவதற்குள் மரத்தை இழைத்து முடித்திருந்தார்கள்.

பொய் சொல்லக்கூடாது, திரும்பி வந்தபோது அழகாகத்தான் இருந்தது. புதுப் பிரம்பு, தேன் நிறத்தில் மரம். அண்ணன் அம்மாவின் கையைப் பிடித்து வலது கைப்பிடியில் வைத்தார்.

"தடவிப் பாருங்கம்மா, எப்படி வழுவழுன்னு இருக்கு."

அம்மாவின் விரல்கள் அடியில் போயின. முன்னால், பின்னால், மறுபடி முன்னால்.

"இது மத்தப் பக்கமா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, அதே பக்கந்தான். அப்பா தடவுன சுண்ணாம்பையும் சேத்து இழைச்சிட்டாங்க" என்றேன்.

அண்ணனுக்கு அப்போதுதான் புரிந்தது. அம்மா அவர் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"பரவாயில்ல, நல்லாத்தான் செஞ்சிருக்காங்க. அலுமாரியில அப்பாவோட சுண்ணாம்பு டப்பி இருக்கு, எடுத்துட்டு வா."

டப்பிக்குள்ளே சுண்ணாம்பு காய்ந்து கிடந்தது. அண்ணன் சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து அம்மாவிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"நீயே தடவு. ஒனக்குத்தான் அவரு விரலு."

அண்ணன் தரையில் மண்டியிட்டு, பளபளக்கும் புது மரத்தின் அடியில் விரலைத் துடைத்தார். அம்மா கையை நீட்டி அந்த ஈரத்தைத் தேடினாள்.

"இன்னுங் கொஞ்சம் முன்னால" என்றாள்.