அடுத்தவர் பிள்ளைக்குச் சோறு போடும் தறிக்கூடம்

போன வாரம் வியாழக்கிழமை நானும் என் தம்பி செல்வமும் மதுரையிலிருந்து சங்கரன்கோவில் போய் வந்தோம். இந்த வலைப்பூவில் நான் வழக்கமாக அருவி, மலை, சாப்பாட்டுக் கடை என்று எழுதுகிறவள். இது அந்த மாதிரிப் பயணம் இல்லை. செல்வத்துக்கு முப்பத்து நாலு வயது. பிறவியிலேயே அறிவு வளர்ச்சிக் குறைபாடு. ஆறு மாதமாக, நான் அலுவலகம் போகும்போது அவனை வீட்டுக்குள் விட்டு வெளியே பூட்டிவிட்டுப் போகிறேன். காலை ஒன்பது மணியிலிருந்து மாலை ஆறரை வரைக்கும். நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி, அதை மறைத்துவிட்டு மீதியை எழுத என்னால் முடியாது.

அதுவரை அவனைப் பார்த்துக்கொண்டது அம்மா. தை மாதம் அம்மா போய்விட்டார். செல்வத்துக்கு அதைச் சொல்லவில்லை. அவனுக்குப் புரியாது, புரிந்தாலும் தாங்கமாட்டான் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தார்கள், நானும்தான் தலையாட்டினேன். சாவு வீட்டின் மூன்று நாளும் அவன் என் தோழி வீட்டில் இருந்தான். அம்மா ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சொல்லி வைத்தோம். தினமும் சாயங்காலம் நான் பூட்டைத் திறந்ததும் அவன் கேட்பது ஒன்றுதான். "அம்மா எப்ப வரும்?" நானும் சளைக்காமல் "அடுத்த வாரம்" என்பேன்.

செல்வம் மாதிரி ஆட்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று சங்கரன்கோவில் பக்கம் இருப்பதாக, அலுவலகத்தில் கூட வேலை பார்ப்பவர் ஒருவர்தான் சொன்னார். திங்கள் முதல் வெள்ளி வரை அங்கேயே தங்கலாம், சனி ஞாயிறு வீட்டுக்குக் கூட்டிப் போய்விட வேண்டும். போனில் கேட்டபோது ஓர் இடம்தான் காலி என்றார்கள். "நேர்ல வாங்க, தம்பியக் கூட்டிட்டு ஒரு நாள் பூரா இருங்க, அப்புறம் பேசுவோம்" என்று வைத்துவிட்டார்கள். ஒரு நாள் பூராவா? விடுப்பே மிச்சமில்லாத எனக்கு அப்போதே எரிச்சல் ஆரம்பித்துவிட்டது.

மாட்டுத்தாவணியில் காலை 5.40க்குப் பேருந்து. சங்கரன்கோவில் கிட்டத்தட்ட 120 கிலோமீட்டர். எனக்கு டிக்கெட் 110 ரூபாய். செல்வத்துக்கு மாற்றுத்திறனாளி அட்டையைக் காட்டியதால் சலுகை. அட்டையின் நகல் போதாது, அசல் வேண்டும் என்று கண்டக்டர் கறாராகக் கேட்டார், எடுத்துப் போங்கள். ஶ்ரீவில்லிபுத்தூர் தாண்டியதும் வலது பக்கம் மலை கூடவே வரும், ஜன்னல் சீட்டை அந்தப் பக்கம் பிடிக்கச் சொல்வார்கள். நான் பிடித்தேன். ஆனால் மலையைப் பார்த்தேனா என்றால், இல்லை. ராஜபாளையத்தில் 8.05க்கு நிறுத்தி இருபது நிமிடம் டீ குடித்தார் டிரைவர். அந்த இருபது நிமிடமும் நான் கீழே இறங்கிப் பேருந்து ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். இவன் அங்கே கத்தினால் என்ன செய்வது, வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது, மறுபடியும் அந்தப் பூட்டா என்று ஒரே ஓட்டம் மண்டைக்குள். செல்வம் மட்டும் நிம்மதியாகக் கடலை மிட்டாய் தின்றான். கரிவலம்வந்தநல்லூரில் கோபுரத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான். "எறங்கணுமா?" "இன்னும் பத்து கிலோமீட்டர், உக்காரு." 9.10க்குச் சங்கரன்கோவில்.

பேருந்து நிலையத்திலிருந்து பனவடலிசத்திரம் போகும் சாலையில் ஐந்து கிலோமீட்டர். ஆட்டோ 150 ரூபாய். இல்லத்தின் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியவில்லை. "தறிக்கூடம்" என்றதும் ஆட்டோக்காரர் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

"அங்கன போனா ஒங்க பிள்ளைய ஒங்ககிட்ட குடுக்க மாட்டாவ, தெரியும்லாக்கா?"

"என்னண்ணே, காலங்காத்தால பயமுறுத்துறீங்க?"

"பயப்படாதீங்க. வேற பிள்ளைய ஒங்க கையில குடுப்பாவ."

கிண்டல் செய்கிறார் என்றுதான் நினைத்தேன். போய் இறங்கினால் அப்படியே நடந்தது.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான கொட்டகை. ஒரு காலத்தில் பத்துத் தறி ஓடிய இடமாம், இப்போது ஒரு மூலையில் இரண்டு ஓடுகிறது. தரையில் கூட்டம் கூட்டமாக இருபது பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். சின்னப் பிள்ளையிலிருந்து நரைத்த தலை வரைக்கும். சிலர் மல்லிகை மொட்டில் விரிந்ததைப் பொறுக்கித் தனியாகப் போட்டார்கள். சிலர் தார் சுற்றினார்கள். தறிக்குப் போகும் நூலைச் சின்னக் குழலில் சுற்றுகிற வேலை அது. பொறுப்பாளர் கோமதியக்காவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். (அந்த ஊரில் கூப்பிட்ட குரலுக்கு நாலு கோமதி திரும்பிப் பார்ப்பார்கள், அம்மன் பெயர்.) என்னிடம் ஒரு விண்ணப்பத்தைக் கொடுத்தார். நிரப்பிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு அம்மா, சண்முகத்தாய் என்று பெயர், செல்வத்தின் கையைப் பிடித்து அடுத்த கோடிக்குக் கூட்டிப் போய்விட்டார். நான் எழுந்தேன்.

"நீங்க இங்கன இருங்க" என்றார் கோமதியக்கா. "சண்முகத்தாய் மகன் இசக்கிய நீங்க பாருங்க. மத்தியானம் அவனுக்குச் சோறு நீங்கதான் போடணும். ஒங்க தம்பி பக்கம் திரும்பப்பிடாது."

"அவன் பழகாதவங்ககிட்ட இருக்க மாட்டான். நான்தான் அவனுக்குச் சோறு பிசைஞ்சு..."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாவ."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. காலியாக இருந்த அந்த ஓர் இடம் கைநழுவக் கூடாதே என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். இசக்கிக்கு முப்பது வயது, பேச்சு இல்லை. நான் கைக்கடிகாரத்தைப் பார்க்கும்போதெல்லாம் தன் கையை அதன் மேல் வைத்து மூடினான். முதல் ஒரு மணி நேரத்தில் பதினோரு தடவை மூடினான்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று கோமதியக்கா தார் சுற்றிக்கொண்டே சொன்னார். ஊர்க்காரர்களுக்குத் தெரியும், வெளியூர்க்காரர்களுக்காக எழுதுகிறேன்: கோமதி அம்மன் சன்னதிக்கு முன்னால் ஒரு சின்னக் குழி உண்டு. உடம்புக்கும் மனதுக்கும் சரியில்லாதவர்களை அதில் உட்கார வைப்பார்கள், புற்றுமண்ணைப் பூசுவார்கள், சிலர் ஒரு மண்டலம் கோவிலிலேயே தங்குவார்கள். இருபது வருடத்துக்கும் முன்னால் கோமதியக்கா தன் மகளோடு அப்படித் தங்கியிருக்கிறார். பக்கத்துத் தூணில் இசக்கியோடு சண்முகத்தாய். அவர் வயல் வேலைக்குப் போகிறவர், கோமதியக்கா தறி முதலாளி வீட்டுப் பெண். வெளியில் பார்த்திருந்தால் பேசியே இருக்க மாட்டார்கள்.

"எனக்குக் குளிக்கப் போணும். பிள்ளைய எங்கன விட? இவகிட்ட குடுத்துட்டுப் போனேன். வந்து பாக்கேன், எங்கிட்ட ஒரு வாய் திங்காதவ, இவ கையில மடமடன்னு திங்கா. எனக்குச் சந்தோசமில்ல, ஆத்திரம். மறுநா இவ மகன நான் வாங்குனேன். அவனும் எங்கிட்ட திங்கான். நாப்பத்தெட்டு நாளும் மாத்தி மாத்தியே வச்சுக்கிட்டோம். பிள்ளைக குணமாகல. நாங்கதான் கொஞ்சம் தூங்குனோம்."

அதற்குப் பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. வாரத்தில் இரண்டு நாள் கோமதியக்கா வீட்டுத் தறிக் கொட்டகையில் மாற்றிக்கொண்டார்கள். மூன்றாவதாக ஒரு அம்மா வந்தார், பிறகு ஏழு பேர். மாமனார் கத்தினார், கணவர் இரண்டு தறியை நிறுத்தி இடம் கொடுத்தார். சங்கமாகப் பதிவு செய்தது, ஆசிரியர் வந்தது, தங்கும் அறை கட்டியது எல்லாம் பிறகு. இன்றைக்கும் தாயோ அக்காவோ யாராக இருந்தாலும் கொட்டகைக்குள் வந்தால் அடுத்தவர் பிள்ளையைத்தான் பார்க்க வேண்டும்.

12.45க்குச் சாப்பாடு. இசக்கி என் கையைத் தள்ளிவிட்டுத் தானே சாப்பிட்டான். அப்போதுதான் சண்முகத்தாய் எழுந்து வந்து கோமதியக்காவின் காதில் ஏதோ சொன்னார். கோமதியக்கா என் விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தார்.

"இதுல தாய் காலமானார்னு எழுதியிருக்கீங்க. தம்பி, அம்மா ஆஸ்பத்திரில இருக்கு, வரும்னு சொல்லுதான்."

காரணங்களையெல்லாம் அடுக்கினேன். கேட்டுவிட்டு, அவனுக்கு உண்மை தெரியாமல் சேர்க்க மாட்டோம் என்றார் கோமதியக்கா.

"எங்க வீட்டு விஷயம் உங்களுக்கென்ன தெரியும்? அவன் உடைஞ்சு போனா நீங்களா பார்ப்பீங்க?" என் குரல் உயர்ந்துவிட்டது. மொட்டுப் பொறுக்கியவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

சண்முகத்தாய் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நாங்கதான் பாப்போம். பின்ன யாரு? நானும் பொய் சொன்னவதாம்மா. இந்தக் கொட்டாய் தொடங்குன புதுசு. கேரளத்துக்கு ஏலக்கா பறிக்கக் கூப்பிட்டாவ. இவன் அழுவான்னு, தண்ணி புடிச்சுட்டு வாரேம்லேன்னு சொல்லிட்டுப் போயிட்டேன். எட்டு நா கழிச்சு வாரேன், குழாயடியில நிக்கான். எட்டு நாளும் வெளிச்சம் இருக்கிற நேரமெல்லாம் அங்கனயேதான் நின்னுருக்கான். இவுக தூக்கிட்டு வந்தாலும் திரும்பப் போயிருவானாம். அன்னைக்குப் போட்ட சட்டம் இது. எங்க போறோம், எப்ப வருவோம், உள்ளதச் சொல்லணும். ஒங்க தம்பியும் ஆறு மாசமா குழாயடியிலதான் நிக்கான்."

செல்வத்தை அழைத்துக்கொண்டு, காலையில் வந்த ஆட்டோவையே போனில் வரவழைத்துக் கோவிலுக்குப் போனேன். மணி 3.10. மதியம் நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள் என்பது எனக்குத் தெரிந்ததுதான், ஆனால் எங்கேயாவது போயாக வேண்டும் போல் இருந்தது. வாசலில் பூக்கட்டுகிறவர்கள் மட்டும் இருந்தார்கள். உட்கார்ந்தேன், எழுந்தேன், தண்ணீர் வாங்கப் போனேன், மறுபடி உட்கார்ந்தேன். 3.35க்குச் சொன்னேன்.

"செல்வம், அம்மா ஆஸ்பத்திரில இல்லடா."

"வீட்டுக்கு வந்துருச்சா?"

"இல்ல. செத்துப் போச்சு. தை மாசமே. நான் உங்கிட்டப் பொய் சொல்லிட்டேன்."

என் முகத்தையே பார்த்தான். "அப்பா மாதிரியா?"

"ஆமா. அப்பா மாதிரி."

அலறுவான், தலையில் அடித்துக்கொள்வான் என்று அவன் இரண்டு கையையும் பிடிக்கத் தயாராக இருந்தேன். அவன் ஒரு கேள்விதான் கேட்டான்.

"கொள்ளி யாரு வச்சா?"

பதினைந்து வருடத்துக்கு முன்னால் அப்பாவுக்குக் கொள்ளி வைத்தவன் அவன். மாமா கையைப் பிடித்துக்கொள்ள, நடுங்காமல் வைத்தான். அம்மாவுக்கு அவன் ஒரே மகன். இது எனக்கு அந்த மூன்று நாளில் ஒரு தடவைகூட ஞாபகம் வரவில்லை என்றால் நம்புவீர்களா? எனக்கு வரவில்லை.

"பெரியப்பா மகன் வச்சான்" என்றேன்.

"நான் இருந்தேன்ல" என்றான்.

திரும்பக் கொட்டகைக்குப் போனதும், நான் வாயைத் திறப்பதற்குள் அவனே சண்முகத்தாயிடம் போய்ச் சொன்னான். "எங்கம்மா செத்துப் போச்சு. நான் கொள்ளி வைக்கல." அவர் அவனைப் பக்கத்தில் இருத்திக்கொண்டார். திங்கட்கிழமை வரச் சொன்னார் கோமதியக்கா. 5.50 பேருந்தில் செல்வம் என்னோடு உட்காரவில்லை. முன்னால் போய் யாரோ ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தான். ராஜபாளையம் தாண்டி வாய்விட்டு அழுதான். பேருந்தே திரும்பிப் பார்த்தது. அழட்டும் என்று விட்டுவிட்டேன், நானும் அழுதேன்.

இந்த மாதிரி இடங்களைத் தேடிப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மாற்றுத்திறனாளி அட்டை, ஆதார், மருத்துவச் சான்று எல்லாம் அசலும் இரண்டு நகலும் வேண்டும். ஒரு முழு நாள் ஒதுக்குங்கள், அரை நாள் போதாது. மாற்று உடுப்பு ஒன்று பையில் இருக்கட்டும். ஆடித் தபசுத் திருவிழா சமயத்தில் போகாதீர்கள், ஊருக்குள் ஆட்டோ நுழைய முடியாது. திரும்பும் ஆட்டோவை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், அந்தச் சாலையில் தேடினால் கிடைக்காது. வீட்டில் ஏதாவது பொய் ஓடிக்கொண்டிருந்தால் அதை வீட்டிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள். கோவில் வாசலில் சொல்ல வேண்டிய நிலை யாருக்கும் வேண்டாம்.

திங்கட்கிழமை அவனைக் கொண்டுபோய் விட்டேன். சட்டப்படி அவன் முன்னால் நின்று உள்ளதைச் சொன்னேன். "நான் மதுரைக்கு வேலைக்குப் போறேன். சனிக்கிழமை காலைல பத்து மணிக்கு வந்து கூட்டிட்டுப் போவேன்." அவன் சண்முகத்தாய் பக்கம் திரும்பி, "அக்கா சொல்றது நெசமா?" என்று கேட்டான்.

"சனிக்கிழம தெரிஞ்சுபோகும், மக்கா" என்றார் அவர்.

இதை எழுதுவது வெள்ளிக்கிழமை சாயங்காலம். நாளை பத்து மணிக்கு அங்கே இருக்க 5.40 வண்டியே தாராளமாகப் போதும். நான் விடியற்காலை நாலு மணி வண்டிக்குப் போகிறேன்.