கடைசி வீட்டுக் குழாயில் என் கை

எங்கள் அலுவலக வண்டி காலை எட்டு மணிக்கு முன்னால் நகரக்கூடாது. மலைப்பாதையில் மூடுபனி இருக்கும், மண் சரிந்திருக்கும் என்று பயந்து, இந்தக் கேமரன் மலையைப் படத்தில் மட்டும் பார்த்த யாரோ எழுதிய விதி. விதியில் தப்பில்லை. கோலா தெர்லாவிலிருந்து முட்டைக்கோசு ஏற்றிக்கொண்டு வரும் லோரிகளை விடியலில் எதிரே பார்த்தவர்கள் அதை மறுக்கமாட்டார்கள். ஆனால் அந்த விதியின் நிழலில் உட்கார்ந்துகொண்டு இரண்டு வருடம் மாதம் தவறாமல் ஒரு பொய்யை எழுதி அனுப்பியிருக்கிறேன். அது பொய் என்பதே எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

தண்ணீர்க் குழாயும் கழிவறையும் அமைத்துத் தரும் ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்தில் நான் வேலை செய்கிறேன். தலைமை அலுவலகம் கோலாலம்பூரில். அதற்கும் மேலே இருப்பவர்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்பது வருடத்துக்கு வருடம் மாறும். தானா ராத்தாவில் ஒரு துணிக்கடைக்கு மேலே எங்கள் கிளை. நான், வண்டி ஓட்டும் அண்ணன், ஈரம் படிந்த அறை நிறைய பேரிடருக்கென்று வாங்கி வைத்த வாளிகள். அவ்வளவுதான் கிளை. பன்னிரண்டு வருடமாகிறது. ஆரம்பத்தில் ஒவ்வொரு குழாயிலும் தண்ணீர் கொட்டும்போது மனசு நிறைய நின்று பார்ப்பேன். இப்போது முழங்கால் நிற்க விடுவதில்லை.

தேயிலைத் தோட்டத்து லயம் ஒன்றுக்கு மலை ஓடையிலிருந்து குழாய் இழுத்துக் கொடுத்தோம். ஒரே வரிசையில் பதினான்கு வீடுகள். மேலே ஒரு தொட்டி, அதிலிருந்து ஒரு குழாய், வீட்டுக்கு வீடு பின்பக்கம் ஒரு பைப்பு. வரிசையின் கடைசி வீடு மட்டும் சின்ன மேட்டின் மேல் இருந்தது. திறப்பு விழாவுக்கு மேனேஜர் துரை வந்தார், ரிப்பன் வெட்டினார், கேசரி சாப்பிட்டோம். அதன் பிறகு மாதம் ஒருமுறை போய்க் குழாய் வேலை செய்கிறதா என்று பார்த்துக் கைப்பேசியில் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். தண்ணீர் வருகிறதா? ஆமாம், இல்லை. தெளிவாக இருக்கிறதா? ஆமாம், இல்லை. பிறகு ஒரு படம். ஓடும் தண்ணீரில் பயனாளியின் கை தெரிய வேண்டும். வெறும் குழாயைக் காட்டினால் பணம் கொடுப்பவர்களுக்கு மனசு இளகாதாம்.

எட்டு மணிக்கு வண்டி நகரும் என்றால், எட்டு மணிக்குப் பசியாற மாமாக் கடைக்கு நகரும் என்று அர்த்தம். ரொட்டி சானாய், தே தாரிக், அண்ணன் பேப்பர் புரட்டுவது எல்லாம் முடிந்து கிளம்பினால் கியா பார்மில் ஸ்ட்ராபெரி வாங்க நிறுத்திய கார்கள் வழியை அடைத்துக்கொண்டிருக்கும். தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது பத்து தாண்டிவிடும். அந்த நேரத்தில் லயத்தில் யார் இருப்பார்கள்? பெரட்டில் வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு, எல்லாரும் ஏழு மணிக்கே மலையேறியிருப்பார்கள். துணி காயும். நாய் படுத்திருக்கும். நான் வீட்டுக்கு வீடு பின்பக்கம் போய்ப் பைப்பைத் திறப்பேன். தண்ணீர் ஜோராகக் கொட்டும். பயனாளியின் கைக்கு எங்கே போவது? முதல் மாதம் அண்ணனைக் கேட்டேன். "எம் பேரு லிஸ்ட்லயே இல்லலா மேடம்" என்றார். என் கையை நீட்டினேன். படம் எடுத்தேன். ஆமாம், ஆமாம் என்று அழுத்தினேன்.

இரண்டு வருடம் அப்படியே ஓடியது. கோலாலம்பூரில் இருந்த என் மேலதிகாரி ஒருமுறை கூட்டத்தில் என் படங்களைத் திரையில் போட்டு, இவ்வளவு ஒழுங்காக யாரும் அனுப்புவதில்லை என்று பாராட்டினார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கணக்குப் பார்க்கும் மனிதர் அவர். பதினான்கு வீட்டிலும் ஒரே கை, அதே வளையல் என்பது அவர் கண்ணிலும் படவில்லை. கேமரன் மலைப் பெண்கள் எல்லாரும் ஒரே கடையில் வளையல் வாங்குகிறார்கள் என்று நினைத்திருப்பார்.

ஒரு நாள் கடைசி வீட்டில் பைப்பைத் திறந்து, இடக்கையை நீட்டி, வலக்கையால் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். பின்கதவு திறந்தது. அந்த வீட்டு அக்கா. கத்தரியால் தேயிலை வெட்டும் வேலை. ஐம்பதைத் தாண்டியவர். திறப்பு விழா அன்று பார்த்ததோடு சரி. கையில் ஒரு துணிப்பை, பாதி அடுக்கியது. என்னையும் என் கையையும் பார்த்தார்.

"யாரு கையப் படம் புடிக்கிறீங்க தங்கச்சி?"

படிவம், விதி என்று எதையோ உளறினேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"இந்த நேரத்துல நல்லா வரும். நாங்க இருக்கற நேரத்துலதான் வராது. காலையில அஞ்சுலேர்ந்து ஏழு வரைக்கும் கீழ் வீடுங்க எல்லாம் தொறந்து வுட்டுருவாங்க. எங்க மேட்டுக்குக் காத்துதான் வரும். சாயந்தரமும் அப்படித்தான்."

"ஏங்கா ஒரு வார்த்த சொல்லல?"

"யாருகிட்ட சொல்றது? தோட்டத்து ஆபீஸ் கிராணிகிட்ட சொன்னேன். ஒங்க ஆளுங்க மாசாமாசம் வந்து பாத்து நல்லா இருக்குன்னு எழுதிட்டுப் போறாங்கன்னு சொல்லிட்டாரு."

அன்று அவர் வேலைக்குப் போகாததன் காரணத்தையும் சொன்னார். கணவர் ஈப்போ ஆஸ்பத்திரியில் இருந்தார். இரண்டு சிறுநீரகமும் போய், வயிற்றில் குழாய் வைத்திருந்தார்கள். ஒரு நாளைக்கு நாலு தடவை வீட்டிலேயே வயிற்றுக்குள் மருந்துத் தண்ணீரை விட்டு மாற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் முதலில் ஓடும் தண்ணீரில் கையைச் சுத்தமாகக் கழுவ வேண்டும். காலை ஆறு மணிக்கு ஒருமுறை மாற்றிவிட்டுத்தான் தோட்டத்துத் தொழிற்சாலைக் காவல் வேலைக்குப் போவார். அந்த ஆறு மணிக்குத்தான் பைப்பில் காற்று வரும். வாளியில் மொண்டு அக்கா ஊற்ற, அவர் கழுவுவார். இப்போது வயிற்றில் கிருமி. இன்னொரு தடவை வந்தால் வயிற்றுக் குழாயை எடுத்துவிடுவோம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்புறம் வாரம் மூன்று நாள் ஈப்போவுக்கு இறங்கி ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். மலையிலிருந்து அது நடக்காது. இரண்டு பேரும் வேலையை விட வேண்டும். வேலையை விட்டால் லயத்து வீட்டையும் விட வேண்டும்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். மருந்துத் தண்ணீர்ப் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. பக்கத்துச் சுவரில் கை கழுவும் முறையைக் காட்டும் எங்கள் ஒட்டுத்தாள். நானே ஒட்டியது. ஓரம் பிரியாமல் டேப் போட்டு வைத்திருந்தார்கள்.

"அதப் பாத்துத்தான் கழுவுவாரு. ஒவ்வொரு வெரலாக் கழுவுவாரு" என்றார் அக்கா.

வண்டியில் திரும்பும்போது எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. திரிங்காப் பக்கம் சொந்தக்காரர்கள் இருப்பதால் அண்ணனுக்கு அந்தப் பாதை அத்துப்படி. "நாளைக்குக் காலையில பாத்துட்டு வந்துரலாம் மேடம். ஆபீஸ் வண்டிக்குத்தானே எட்டு மணி. எம் மோட்டருக்கு அந்த ரூல் இல்லலா" என்றார். மறுநாள் அவர் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து குளிரில் நடுங்கிக்கொண்டு போனேன். ஆறு மணி. லயம் முழுக்க விளக்கு, புகை, வாளிச் சத்தம், பிள்ளைகளை அதட்டும் சத்தம். இரண்டு வருடத்தில் அந்த லயத்தில் ஆட்கள் இருந்து நான் பார்த்தது அன்றுதான். கடைசி வீட்டுப் பைப்பைத் திறந்தேன். உஸ்ஸென்றது. ஒரு சொட்டு விழுந்தது. படம் எடுத்து, "இல்லை" என்று அழுத்தினேன்.

மேலதிகாரி அன்றே கூப்பிட்டார். திட்டம் முடிந்து கோப்பும் மூடியாகிவிட்டது என்றார். மேட்டு வீட்டுக்குத் தனியாகச் சின்னத் தொட்டி வைத்து, தனிக் குழாய் இழுத்தால் போதும் என்றேன். "ரெண்டு வருஷமா நீங்களேதானே ஆமான்னு போட்டிருக்கீங்க? இப்ப இல்லன்னா எத நம்புறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அன்று மாலையே கடிதம் எழுதினேன். படங்களில் இருப்பது என் கை, வீடுகளில் ஆள் இல்லாத நேரத்தில்தான் போனேன், தண்ணீர் வந்தது ஆள் இல்லாததால்தான் என்று ஒளிக்காமல் எழுதினேன். வேலை போகும் என்று நினைத்தேன். போகவில்லை. எச்சரிக்கைக் கடிதம் வந்தது. தொட்டிக்கான விண்ணப்பம் ஒப்புதலுக்காக வேறு நாட்டுக்குப் போனது.

அதற்குள் அக்காவின் கணவர் வீடு திரும்பிவிட்டார். அலுவலக அறையிலிருந்து அடியில் குழாய் வைத்த வாளி ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். பேரிடருக்கு மட்டும் என்று எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டு அவர், "எங்க வூட்டுக்குச் சரியாத்தான் எழுதியிருக்கீங்க" என்று சிரித்தார். மெலிந்து, காதோரம் நரைத்து, அமைதியான மனிதர். வாளியை ஸ்டூலில் வைத்து, எனக்காக ஒரு தடவை கழுவிக் காட்டினார். முதலில் உள்ளங்கை, பிறகு விரலிடுக்கு, பிறகு நகம், கடைசியில் மணிக்கட்டு. பன்னிரண்டு வருடத்தில் எத்தனையோ பேருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன், யாரும் இவ்வளவு பொறுமையாகக் கழுவியதில்லை, நான் உட்பட.

மூன்று மாதம் ஒழுங்காகப் போனது. நான் ஒவ்வொரு வாரமும் தொட்டி என்ன ஆயிற்று என்று கேட்பேன், பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வரும். மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் அக்கா போன் செய்தார். மறுபடியும் காய்ச்சல், மறுபடியும் ஈப்போ. வயிற்றுக் குழாயை எடுத்துவிட்டார்கள். எதனால் வந்தது என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. வாளியாக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். அக்கா என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நானே என்னைத் திட்டிக்கொண்டேன், இப்போதும் திட்டிக்கொள்கிறேன்.

ஈப்போவில் மகள் வீட்டுக்கு அவர்கள் குடிபோன அன்று சாமான் ஏற்ற நானும் அண்ணனும் போனோம். மீதியிருந்த மருந்துப் பெட்டிகளை ஆஸ்பத்திரி லோரி முன்னாலேயே எடுத்துப் போய்விட்டது. எங்கள் வாளியைக் கழுவித் துடைத்து அக்கா என் கையில் கொடுத்தார். ஒட்டுத்தாள் சுவரிலேயே இருந்தது.

அடுத்த மாதம் தொட்டி வந்தது. தனிக் குழாயும் இழுத்தார்கள். வேலை முடிந்ததும் அக்காவுக்கு போன் செய்து சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"நல்லது தங்கச்சி. இங்க குழாயில நாள் முழுக்கத் தண்ணி கொட்டுது. அவருக்குத்தான் இப்ப கை கழுவற வேல இல்ல. ஆஸ்பத்திரியில எல்லாம் நர்சுங்களே பாத்துக்கறாங்க. இருந்தாலும் காலையில ஆறு மணியானா எந்திரிச்சுப் போயி பைப்புக்கிட்ட நின்னுக்கிறாரு."

அவர்கள் இருந்த லயத்து வீட்டுக்கு இன்னும் யாரும் குடிவரவில்லை. போன வாரம் அண்ணன் மோட்டாரில் ஆறு மணிக்குப் போனேன். முன்கதவில் தோட்டத்துப் பூட்டு. பின்பக்கம் போய்ப் பைப்பைத் திறந்தேன். மற்ற பதின்மூன்று வீடுகளிலும் பைப்பைத் திறந்து விட்டிருந்த நேரத்திலும் மேட்டு வீட்டில் தண்ணீர் தரையில் அடித்துத் தெறித்தது. தண்ணீர் வருகிறதா? ஆமாம். தெளிவாக இருக்கிறதா? ஆமாம். தண்ணீரை மட்டும் படம் எடுத்து அனுப்பிவிட்டு, பைப்பை இறுக்கி மூடினேன்.

மத்தியானமே கோலாலம்பூரிலிருந்து செய்தி வந்தது. படத்தில் பயனாளியின் கை இல்லை, மறுபடியும் எடுத்து அனுப்பவும் என்றிருந்தது. இன்னும் அனுப்பவில்லை.