வெல்டிங் பொறியில் உருண்ட படம்

இதை எழுதலாமா என்று பல வருடம் யோசித்து, பேனாவை எடுப்பதும் வைப்பதுமாகவே இருந்தேன். அண்ணன் இருந்தவரை மனம் துணியவில்லை. பெருமாள்மேல் பாரத்தைப் போட்டு இப்போது எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டியில் டிவி பெட்டிகளைப் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டும் சிறிய கம்பெனியில், ஈயத்தை உருக்கி ஒயர்களை ஒட்டும் சால்டரிங் வேலை எனக்கு. எட்டாவதோடு படிப்பு நின்றவன் நான். படம் எப்படி வருகிறதென்று பார்க்க ஒரு பெட்டியை வீட்டுக்குக் கொடுத்திருந்தார்கள்.

கடம்பத்தூர்ப் பக்கம் பயிர் வைத்திருந்த என் அண்ணனின் மகள் மெட்ராஸில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படித்தாள். தோழிகளோடு அவள் பாடிய பெருமாள் பாட்டு டிவியில் வருவதாக இருந்தது. அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. “பாக்கறேன். பாத்துட்டுத்தான் அவ அங்க இருக்கறதா, ஊட்டுக்கு வர்றதான்னு சொல்வேன்” என்று அண்ணியோடு ரயிலேறி வந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் என் மனைவி பெட்டிக்குக் குங்குமம் வைத்து ஊதுவத்தி ஏற்றினாள். திரையில் நடுவில் எங்கள் பெண். இரண்டு வரி பாடியிருப்பாள், எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த பட்டறை ஷெட்டில் வெல்டிங் தொடங்கியது. படம் உருண்டது.

ஒவ்வொரு படத்துக்கும் ‘இங்கே தொடங்கு’ என்று டிவி நிலையத்திலிருந்து ஒரு பல்ஸ், சின்ன மின்துடிப்பு, வரும். பெட்டிக்குள் சொந்தத் தாளம் ஒன்று ஓடும். பல்ஸ்தான் அதை இழுத்துப் பிடிக்கும். வெல்டிங் பொறி பல்ஸை விழுங்கிவிட்டால் பெட்டி தன் போக்கில் போகும். பல்ஸ் இல்லாதபோதும் படம் அதிகம் நகராதபடி பெட்டியில் அதற்கென்று இருக்கும் ஹோல்டு திருகைத் திருகித் திருகிப் பார்த்தேன். சற்று நிற்கும், பொறி அடித்ததும் ஓடும். ஒருமுறை கறுப்புப் பட்டை நடுத்திரையில் நின்றது. அதற்கு மேலே அவள் உடம்பு, கீழே தலை.

“இன்னாடா இது, தல ஒரு பக்கம், முண்டம் ஒரு பக்கம்! ஊதுவத்தி ஏத்தின எடத்துல இப்டியா தெரியும்?” அண்ணன் எழுந்துவிட்டார்.

“பல்ஸ் வரலண்ணே, அதான். பாட்டு நல்லாத்தான் கேக்குது.”

“பல்ஸாம்! நீ இன்னா டாக்டரா?”

“கண்ண மூடிக்கினு கேளுங்களேன்,” என்றாள் அண்ணி. “நம்ம பொண்ணு கொரலுங்க.” அவர் மூடவில்லை.

என் மனைவி ஷெட்டுக்கு ஓடினாள். “யப்பா, கொஞ்ச நேரம் நிறுத்துங்கப்பா!”

“இன்னாக்கா, டிவி வந்ததும் எங்க பொழப்ப நிறுத்தச் சொல்றியா?” என்று சிரித்துக்கொண்டே நிறுத்தினார்களாம். படம் ஆணியடித்ததுபோல் நின்றது. அதற்குள் பாட்டு முடிந்து, யாரோ உர மூட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

அபசகுனம் என்று அண்ணன் மறுநாளே அவளை விடுதியிலிருந்து கூட்டிப்போனார். ரயிலடிவரை கெஞ்சிக்கொண்டே போனேன். அடுத்த தையில் பள்ளிப்பட்டுக்கு வாழ்க்கைப்பட்டாள். பெருமாள் புண்ணியத்தில் நல்லபடியாக இருக்கிறாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் பாடி நான் கேட்டதே இல்லை. கோயிலில் யாராவது அந்தப் பாட்டை எடுத்தால் தீர்த்தம்கூட வாங்காமல் வெளியே வந்துவிடுகிறேன்.

எங்கள் சொந்தத்தில் இப்போது கதை வேறுமாதிரி ஓடுகிறது. அவளுக்குத் தலையே தெரியவில்லை என்கிறார்கள். ரத்தம் தெரிந்தது என்கிறாள் ஒருத்தி, கறுப்பு வெள்ளைப் பெட்டியில்! எங்கள் பெண்ணுடைய பேத்திகள் காதில் அது விழக்கூடாது. இதைப் படித்தவர்கள் யாரிடமாவது சொல்வதானால் கூட்டாமல் குறைக்காமல் இப்படியே சொல்லுங்கள்: வெல்டிங்கால் படம்தான் உருண்டது. அவள் பாட்டு ஓர் இடத்திலும் தவறவில்லை.