எட்டுப் புத்திக்கும் வகுப்பு

அக்காவின் ஸ்கூட்டிச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. பண்டத்தரிப்பில் எங்கள் ஒழுங்கையால் அது நாள் முழுக்கப் போய்வரும். முன்னால் அக்கா, பின்னால் புத்தகப் பையுடன் அவரின் மகள், என் மருமகள். பள்ளிக்கூடம், ரியூசன், வீடு, மறுபடி ரியூசன். சனிக்கிழமைப் பின்னேரம் மட்டும்தான் பிள்ளைக்கு ஓய்வு. ஒரு தவணையில் கணக்குப் புள்ளி குறைந்ததும், அந்தப் பின்னேரத்துக்கும் அக்கா ஒரு கணக்கு வகுப்பைப் பிடித்துவிட்டார்.

“மாமா, ஒருக்கா அம்மாவோடை கதையுங்கோவன்” என்று மருமகள் வந்து நின்றாள்.

உளவியல் புத்தகம் ஒன்றைப் பாதிவரை படித்திருந்த துணிவில் போனேன். முழுவதும் படித்திருந்தால் போயிருக்க மாட்டேன். மனிதருக்குப் புத்தி ஒன்றல்ல; மொழி, கணக்கு, இசை, உருவம், உடல், பிறரை அறிதல், தன்னை அறிதல், இயற்கையை அறிதல் என்று எட்டு; ஒன்றில் மட்டமானவள் இன்னொன்றில் கெட்டிக்காரியாக இருக்கலாம் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். அக்கா தேத்தண்ணியை ஆறவிட்டுக் கேட்டார். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

“உதை ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லேல்லைப் பார். அப்ப மிச்சத்துக்கெல்லாம் ஆரடா வகுப்பு எடுக்கினம்?”

அடுத்த மாதமே வயலின், சித்திரம், பூப்பந்து என்று ஸ்கூட்டி ஓடியது. இயற்கைக்கு ஒரு விவசாய ஆசிரியரைக்கூடப் பிடித்தார். மருமகள் என்னோடு கதைப்பதை நிறுத்திக்கொண்டாள். தன்னை அறிதலுக்குத்தான் யாழ்ப்பாணம் முழுக்கத் தேடியும் ஒரு மாஸ்டர் அகப்படவில்லை. ஒரு பாடத்தில் பிள்ளை பின்தங்கிவிடுமே என்று அக்காவுக்குப் பெரிய கவலை.

“அம்மா, அதைத் தனிய இருந்துதான் படிக்கவேணுமாம். கதவைச் சாத்திப்போட்டு. சனி பின்னேரம்தான் தோது” என்றாள் மருமகள்.

கணக்கு வகுப்பு ஞாயிறு விடியற்காலைக்கு மாறியது. அறை வாசலில் சாய்மனைக் கதிரையைப் போட்டு அக்கா காவலுக்கு இருந்தார். மயிலிட்டி மீன்காரர் மோட்டார்சைக்கிளில் வந்து ஹோன் அடித்தால், “அடியாதேங்கோ அண்ணை, பிள்ளை தன்னை அறியுறாள்!” என்பார். நான் யன்னலால் எட்டிப் பார்த்தேன். பிள்ளை வாயைத் திறந்தபடி நல்ல நித்திரை.

அந்த எட்டும் தனித்தனியானவையா, ஒன்றின் கிளைகளா என்று படித்தவர்கள் இன்னமும் பிடுங்குப்படுகிறார்கள். மருமகளின் யோசனையை எந்தப் புத்தியில் சேர்ப்பது என்பதே எனக்குப் பிடிபடவில்லை. தன்னை அறிந்ததா, தாயை அறிந்ததா? அவள் இப்போது கொழும்பில் வேலை செய்கிறாள். போன கிழமை அக்காவிடமே கேட்டேன்.

“அவள் உள்ளுக்கை நித்திரை கொண்டது உங்களுக்குத் தெரியுமோ?”

“தெரியாமலோ? குறட்டை ஒழுங்கைவரைக்கும் கேட்டதே!”

“அப்ப ஏன் காவல் இருந்தனீங்கள்?”

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“கிழமை முழுக்க ஸ்கூட்டியிலை திரிஞ்சனான். நான் எப்பவடா காலை நீட்டுறது?”