நாத்தனார் கடைச் சுவர்

எழுத்தக்காவுக்கு எல்லா எழுத்தும் ஒன்றுதான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 'ட' வந்தால் அவருக்கு அரைநாள் விடுமுறை கிடைத்த மாதிரி. இரண்டு மடக்கு, வேலை முடிந்தது. 'ண' வந்தால் காலையிலேயே தலைவலித் தைலத்தைத் தேடுவார். மெய்யெழுத்தின் தலையில் உட்காரும் புள்ளி இருக்கிறதே, அதுதான் பெரிய ரவுடி. சட்டைப் பொத்தான் அளவுதான், ஆனால் அதற்குள்ளும் ஒரு எல்இடி, அதற்கென்று தனி ஒயர்.

அவர் செய்வது கடைப் பெயருக்கான சின்ன எழுத்துகள். சாண் உயரம்கூட வராது. எவர்சில்வர் தகட்டை வெட்டி, ஓரத்துக்குப் பட்டை வளைத்து, உள்ளே வெள்ளை அடித்து, விளக்கை ஒட்டி, சுவரிலிருந்து ஒரு விரல் தள்ளி நிறுத்துவார். எழுத்தின் முகம் மூடியிருக்கும். வெளிச்சம் பின்னால் போய்ச் சுவரில் விழுந்து, எழுத்தைச் சுற்றிக் கசியும். மகான்களுக்கு மட்டும் என்றிருந்த ஒளிவட்டம் இவர் தயவில் செருப்புக் கடைக்கும் வந்துவிட்டது.

இந்தப் பெருமையில் பாதி, பட்டறையின் பின்சுவரைச் சேரும். சொரசொரப்பான பழைய சுவர். எந்த எழுத்தை வைத்துக் காட்டினாலும் வெளிச்சம் வெண்ணெய் போலப் பரவும். பள்ளி வேன் ஓட்டும் அவருடைய கணவர் அதற்குத் 'தரகர் சுவர்' என்று பெயர் வைத்திருந்தார். எந்தப் பெண்ணையும் அழகாகத்தான் காட்டுமாம். அதனால் எழுத்தக்கா ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் முதலில் கேட்பது, "உங்க சுவரு எப்படிப்பட்டது?" என்றுதான்.

ஒரே ஒருவரிடம் மட்டும் கேட்கவில்லை. நாத்தனாரிடம்.

கணவரின் தங்கை மூக்குக் கண்ணாடிக் கடை திறக்கப் போனார். 'கண்ணாடியகம்' என்று ஏழெழுத்து, கல்லாவுக்குப் பின்சுவரில். பதினோரு வருடமாக உறவுக்காரர்களிடம் "அண்ணி வீட்டுல சும்மா ஏதோ லைட்டு ஒட்டுறாங்க" என்று சொல்லிவந்த வாய் அது. அந்த வாயிலிருந்து ஒரே ஒரு நல்ல வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்பது எழுத்தக்காவின் நெடுநாள் ஆசை. ஆனால் நாத்தனாரிடம் ஒரு கேள்வி கேட்டால் பதில் முடிவதற்குள் அடுத்த வேளைப் பசி வந்துவிடும். நாலு மாதம் முன்பு பார்த்த சுவர்தானே, சுண்ணாம்புச் சுவர்தானே என்று விட்டுவிட்டார்.

திறப்பு விழா மாலை ஆறு மணிக்கு. மதியம் பன்னிரண்டுக்கு எழுத்துகளோடு போய் நின்றால், சுவர் முழுக்கக் கறுப்புக் கல். முகம் பார்த்துத் தலை வாரலாம், அவ்வளவு பளபளப்பு.

மாட்டி, ஷட்டரை இறக்கி, ஸ்விட்சைப் போட்டார்கள். சுவரில் ஒளிவட்டம் இல்லை. உள்ளே ஒட்டியிருந்த ஒவ்வொரு விளக்கும் கல்லில் தனித்தனியாகத் தெரிந்தது.

நாத்தனார் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "என்ன அண்ணி, எழுத்துக்கெல்லாம் அம்மை போட்ட மாதிரி இருக்கு?"

"கல்லு எப்பம்மா ஒட்டுன?"

"போன வாரம். ரிச்சா இருக்கட்டும்னுதான். ஏன், உங்க லைட்டுக்கு ரிச் ஆகாதா?"

ஏணியைப் பிடித்திருந்த கணவர், "கண்ணாடிக் கடைதான? எத்தன புள்ளி தெரியுதுன்னு வர்றவங்களுக்கு டெஸ்ட் வெச்சிரலாம்" என்றார். இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் அவரை முறைத்தார்கள். அந்தக் குடும்பத்தில் அவர்கள் ஒற்றுமையாகச் செய்த முதல் காரியம் அது.

"அஞ்சரைக்குள்ள முடிச்சிருவேன். ஆனா ஒரு கண்டிஷன். அதுவரைக்கும் நீ பேசக் கூடாது" என்றார் எழுத்தக்கா.

எழுத்துகளைக் கழற்றித் தரையில் கவிழ்த்தார். சுவரைப் பார்த்திருந்த விளக்குகளை உரித்து, எழுத்தின் பக்கப் பட்டையில் ஒட்டினார். இனி வெளிச்சம் நேரே கல்லுக்குப் போகாது. எதிர்ப்பக்க வெள்ளையில் மோதிச் சோர்ந்துதான் வெளியே வரும். பின்னால் பால் நிறப் பிளாஸ்டிக்கை வெட்டி மூடினார். இரண்டு 'ண'வும் கையைக் கடித்தன. ஒரு புள்ளி உருண்டு கல்லாவுக்கு அடியில் ஓடியது. பேசாமல் மண்டியிட்டு அதை எடுத்துக் கொடுத்தவர் நாத்தனார்.

ஐந்தே முக்காலுக்கு ஸ்விட்சைப் போட்டபோது ஒரு விளக்குகூடத் தனிப் புள்ளியாகத் தெரியவில்லை. கறுப்புக் கல்லில் வெளிச்சம் தண்ணீரில் விழுந்த மாதிரி மெத்தென்று நின்றது. தரகர் சுவரில்கூட இப்படி வந்ததில்லை என்று எழுத்தக்காவுக்கே தோன்றியது.

முதலில் வந்த விருந்தாளி அம்மாள் கண்ணாடிகளை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தார். "இது யாரு பண்ணது?"

"எங்க அண்ணி. இதுல அவங்கள அடிச்சுக்க ஆளே கிடையாது" என்றார் நாத்தனார். மூச்சு விட்டுக்கொண்டு, "கல்லு என் ஐடியா" என்றும் சேர்த்தார்.

எழுத்தக்கா முதல் பாதியை எடுத்துக்கொண்டார். அது போதுமானதாக இருந்தது. திரும்பும் வழியில் கணவர் ஏதோ கேட்டதுகூட அவர் காதில் விழவில்லை.

மறுவாரம் கல் கடையில் உடைந்த கறுப்புத் துண்டு ஒன்றை வாங்கி, தரகர் சுவருக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். இப்போது அந்தப் பட்டறையிலிருந்து எந்த எழுத்தும் இரண்டு இடத்திலும் தேறாமல் வெளியே போவதில்லை. தரகரிடம் எல்லாம் தேறிவிடும். அதனால் வேனை நிறுத்திவிட்டு உள்ளே வரும் கணவர் கேட்பது ஒன்றுதான்.

"என்ன, நாத்தனார்கிட்ட காட்டியாச்சா?"